மூச்சைப் பிடித்துச் சுழியோடும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்தால் ஒட்சிசன் கூடுமா?

திருகோணமலை நிலாவெளியில் இருந்து உயர்தரம் உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. அவருடைய மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழியோடிச் சங்கு எடுப்பவர். தண்ணீருக்குள் போகும் முன் இருபது முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார், அப்படிச் செய்தால் நுரையீரல் முழுக்க ஒட்சிசன் ஏறிவிடும், கூடுதல் நேரம் கீழே நிற்கலாம் என்பார். இது சரியா, சுவாசத் தொகுதி முழுவதையும் இதோடு சேர்த்து ஒருமுறை விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். கூடவே, நீளமான ஹோஸ் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கடலடியில் கிடந்தே மூச்சு விட முடியாதா என்றும் ஒரு கேள்வி.

கூடுதல் நேரம் நிற்கலாம் என்று மாமா சொல்வது உண்மைதான், அனுபவத்தில் கண்டுதான் சொல்கிறார். ஆனால் ஒட்சிசன் ஏறுவதால்தான் அப்படி நிற்க முடிகிறது என்று நினைக்கிறாரே, அது பிழை, அந்தப் பிழையால் நன்றாக நீந்தத் தெரிந்த, இளவயது, உடம்பில் ஒரு வருத்தமும் இல்லாத ஆட்கள் உலகம் முழுக்கக் கடலிலும் நீச்சல் குளத்திலும் செத்துப்போகிறார்கள். நான் உயிரியல் படிப்பிக்கிற ஆள். சுவாசத் தொகுதியைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன், கடலோடு சேர்த்து இப்படி ஒருவர் கேட்டால் நீட்டித்தான் எழுத வரும். வாடை முடிந்து சித்திரை வைகாசியில் கடல் அடங்கியதும் மாமா மறுபடி இறங்குவார், அதற்கு முன் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

காற்று போகும் வழியில் இருந்து தொடங்குவோம். மூக்கின் உள்ளே இரண்டு பக்கத்திலும் மும்மூன்று எலும்பு மடிப்புகள் சுருண்டு கிடக்கின்றன, அவற்றின் மேல் ஈரமான, இரத்த ஓட்டம் நிறைந்த மென்தோல் போர்த்தியிருக்கும். உள்ளே வரும் காற்று இந்த மடிப்புகளில் மோதிச் சுழன்று போவதற்குள் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும், ஈரமும் ஏறிவிடும், தூசு சளியில் ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் நம்முடைய ஊரில் மூக்குக் காய்ந்து எரிகிறதே, வறண்ட காற்றுக்கு ஈரம் கொடுத்துக் கொடுத்து அந்த மென்தோல் உலர்ந்துவிடுவதுதான் காரணம். தொண்டையில் காற்றுக்கும் சோற்றுக்கும் ஒரே வழி. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, மூச்சுக்குழல்வாய் மூடி அதன் மேல் சாய்ந்துகொள்ளும், சாப்பிட்டுக்கொண்டே கதைத்தால் புரையேறுவது இந்த ஏற்பாடு ஒரு கணம் தவறுவதால்.

குரல்வளைக்குக் கீழே வாதனாளி என்கிற பெரிய மூச்சுக்குழாய், வளர்ந்தவர்களில் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். 16 முதல் 20 வரையான கசியிழைய வளையங்கள் அதைச் சுருங்கிப் போகாமல் பிடித்திருக்கின்றன, சோறு இறங்கும் குழாயான களத்தைத் தொடும் பின்பக்கத்தில் மட்டும் வளையம் மூடப்படாமல் திறந்திருக்கும். பிறகு வலம் இடமாக இரண்டாகப் பிரியும். வலது கிளை அகலம் கூடியது, நேராகக் கீழ்நோக்கிப் போவது, அதனால் தவறி உள்ளே போகிற பொருள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் சிக்கும். கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் வழியில் வாங்குகிற கச்சான் கடலையைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். வலது நுரையீரலில் மூன்று சோணைகள், இடதில் இரண்டு, இதயத்துக்கு இடம் விடவேண்டுமே. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழாயும் இரண்டாக, அதுவும் இரண்டாக என்று ஏறக்குறைய 23 தடவை பிரிகிறது. பெரிய குழாய்களின் உட்பக்கம் முழுக்க மயிர் போன்ற நுண்ணிய பிசிர்கள், ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து அடித்து அழுக்குப் பிடித்த சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சிகரெட் புகை முதலில் முடமாக்குவது இவற்றைத்தான். காலையில் எழும்பியதும் இருமி இருமிச் சளி துப்புகிற புகைக்காரரைப் பார்த்திருப்பீர்கள், பிசிர் செய்யவேண்டிய வேலையை அங்கே இருமல் செய்கிறது.

இந்தக் குழாய்களின் முடிவில் இருக்கும் நுண்ணிய காற்றுப் பைகளான சிற்றறைகளில் கொஞ்சம் நிற்கவேண்டும், முழுத் தொகுதியும் இந்த இடத்துக்காகத்தான். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 300 முதல் 500 மில்லியன் சிற்றறைகள், ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீற்றர் அளவு. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீற்றர் வரும் என்று கணக்கிடுகிறார்கள். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை 2000 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான், பல இடங்களில் அதைவிடவும் மெல்லியது. மார்செலோ மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான் மிக மெல்லிய இரத்தக் குழாய்களான மயிர்க்குழாய்களை முதன்முதலாகக் கண்டார், அதுவரைக்கும் இரத்தம் நாடியிலிருந்து நாளத்துக்கு எப்படிப் போகிறது என்பதை யாரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. ஒரு செங்கலம் அந்த மயிர்க்குழாயைக் கடந்து போக எடுப்பது முக்கால் செக்கன், ஒட்சிசன் ஏறி முடிய அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும். ஆகவே ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் அது வெறுங்கையோடு போகாது.

இவ்வளவு சிறிய அறைகள் உள்ளே ஈரமாக இருந்தால் நீரின் பரப்பிழுவிசையால் சுருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? சிற்றறைச் சுவரில் உள்ள ஒருவகைக் கலங்கள் கொழுப்பு கலந்த ஒரு திரவத்தைச் சுரந்து அந்த இழுவிசையைக் குறைத்துவிடுகின்றன. கருவில் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவுக்குச் சுரக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறி இறந்துபோனதற்குக் காரணம் இது இல்லாமை என்று மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். இன்றைக்கு முன்கூட்டியே பிரசவமாகலாம் என்று தெரிந்தால் தாய்க்கு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலைக் கெதியாக முதிரச் செய்கிறார்கள், பிறந்த பிறகு அந்தத் திரவத்தையே மூச்சுக்குழாய் வழியாகவும் கொடுக்கிறார்கள். கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் சிற்றறையைக் கடந்துபோக மனம் வரவில்லை.

இனி இழுப்பது யார்? நுரையீரலில் தானாக விரியக்கூடிய தசை இல்லை. கீழே கூடாரம் மாதிரி வளைந்திருக்கும் தசைத் தட்டான பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகி இறங்கும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டை மேலேயும் வெளியேயும் தூக்கும், நெஞ்சறையின் கனவளவு கூடும், உள்ளே அமுக்கம் வெளியை விடச் சிறிது குறையும், காற்று தானாக வரும். நுரையீரலையும் நெஞ்சுச் சுவரையும் சேர்த்து வைத்திருப்பது இரண்டு மென்சவ்வுகளும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒரு துளி திரவமும். சும்மா இருக்கும்போது மூச்சை வெளியே விடுவதற்கு உழைப்பே தேவையில்லை, இழுபட்ட நுரையீரல் தானாகச் சுருங்கும். ஒரு சாதாரண மூச்சு அரை லீற்றர், அதில் 150 மில்லிலீற்றர் சிற்றறை வரைக்கும் போகாமல் குழாய்களிலேயே நின்று திரும்பிவிடும். இந்த 150ஐ நினைவில் வைத்திருங்கள், ஹோஸ் கேள்விக்கு வரும்போது வேண்டும். முழுமையாக இழுத்தால் ஒரு ஆணின் நுரையீரலில் ஏறக்குறைய 6 லீற்றர் கொள்ளும், எவ்வளவு முக்கி வெளியே ஊதினாலும் 1.2 லீற்றர் அளவு உள்ளே நின்றே தீரும்.

சரி, மாமாவின் கணக்கைப் பார்ப்போம். வெளிக்காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம், சிற்றறையில் அது ஏறக்குறைய 14 சதவீதம், ஏனென்றால் உள்ளே இருக்கும் பழைய காற்றோடும் நீராவியோடும் கலக்கிறது, இரத்தமும் எடுத்துக்கொண்டே இருக்கிறது. நன்றாக இருக்கும் ஒரு ஆளின் நாடி இரத்தத்தில், ஒட்சிசனைச் சுமக்கும் செங்கலப் புரதமான ஈமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஒட்சிசனால் நிரம்பியிருக்கும். நிறைகுடத்தில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதால் குடம் பெரிதாகாது. 5 லீற்றர் இரத்தம் சுமக்கக்கூடிய மொத்த ஒட்சிசன் ஒரு லீற்றர் அளவு, மிச்சமிருக்கும் 2 சதவீதத்தை நிரப்பினால் கிடைப்பது 20 மில்லிலீற்றர். நுரையீரலில் இருக்கும் காற்றில் கொஞ்சம் கூடுவது உண்மை, 14 சதவீதம் 17 வரைக்கும் ஏறலாம், அப்படியென்றால் 6 லீற்றரில் கூடக் கிடைப்பது 200 மில்லிலீற்றருக்குக் கிட்ட. சும்மா கதிரையில் இருக்கிற ஆளுக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் தேவை, காலடித்துக் கீழே இறங்கிச் சங்கு தேடுகிறவருக்கு அதைவிடப் பல மடங்கு. ஆக மாமா அவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது சில செக்கன்களுக்கான ஒட்சிசன். அதுவும் நிதானமாக இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சு எடுத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஆனால் அவர் கூட நிற்பது சில செக்கன்கள் இல்லை, அரை நிமிடம், சிலவேளை அதற்கும் மேலே. எங்கிருந்து வந்தது அந்த நேரம்?

மூச்சை விடு, இழு என்று நமக்குக் கட்டளை தருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. மூளையின் அடியில் நீள்வளைய மையவிழையத்தில் சுவாசத்தை நடத்தும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பக்கத்திலேயே காபனீரொட்சைட்டால் வரும் அமிலத்தன்மையை மோப்பம் பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. இரத்தத்தில் காபனீரொட்சைட்டுக் கொஞ்சம் கூடினாலும் போதும், பிரிமென்றகட்டுக்கு உத்தரவு பறக்கும். ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட ஆய்வில், சிற்றறைக் காற்றில் காபனீரொட்சைட்டு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பாகிறது என்று காட்டினார்கள். ஒட்சிசனைக் கவனிக்கிற காவல்காரரும் உண்டு, கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் சின்னஞ்சிறு கரோட்டிட் உடல்கள், அவற்றின் வேலையைக் கண்டறிந்ததற்கு கோர்னேய் ஹைமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இரத்தத்தில் ஒட்சிசன் அமுக்கம் வழமையான 100 மி.மீ. இரசத்திலிருந்து (அமுக்கத்தை அளக்கும் அலகு இது) 60 வரைக்கும் இறங்கும்போதுதான் அவை உரத்துக் கத்தத் தொடங்கும். பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் மேடு வரைக்கும் விறுவிறுவென ஏறினால் இளைக்கிறதே, அந்த நேரம் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஒட்சிசன் குறைந்திருக்காது. இளைப்பது உடம்பில் சேரும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற, கூடவே ஓடும் தசைகளிலிருந்து மூளைக்குப் போகும் செய்திகளாலும்.

இப்போது மாமாவின் வேகமூச்சு உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிகிறதா? காபனீரொட்சைட்டை வழித்துத் துடைத்து வெளியே எறிகிறது. வழமையாக இரத்தத்தில் அது 40 மி.மீ. இரசம் இருக்கும். மூச்சைப் பிடித்தால் 50ஐத் தாண்டும்போது பொறுக்க முடியாத தவிப்பு வரும், பிரிமென்றகடு தானாகவே துடிக்கத் தொடங்கும், மேலே வந்தே ஆகவேண்டும். முப்பது தடவை வேகமாக ஊதியவருக்கு அது 20 வரைக்கும் கூட இறங்கிவிடலாம். அங்கிருந்து 50க்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் தவிப்பு இல்லை, சுகமாக இருக்கிறது. ஆனால் ஒட்சிசன் வழமைபோலத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறுகிற காபனீரொட்சைட்டும் இறங்குகிற ஒட்சிசனும் வழமையாக ஓடும் ஓட்டத்தில் முதலில் வருவது தவிப்பு, பிறகுதான் மயக்கம். வேகமூச்சு அந்த ஒழுங்கை மாற்றிவிடுகிறது. தவிப்பு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நீருக்கடியில் நீந்தியவர்கள் நினைவிழந்த சம்பவங்களைச் சேர்த்து அல்பேட் கிரெய்க் 1961இல் இதைத்தான் எழுதினார், மயங்கியவர்களில் பலர் முன்கூட்டி வேகமாக மூச்சு இழுத்தவர்கள்.

இன்னும் ஒன்று. வேகமாக ஊதும்போது தலை இலேசாகச் சுற்றும், விரல்நுனியும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுக்கும். மாமா அதை ஒட்சிசன் ஏறிவிட்டதன் அடையாளம் என்றுதான் நினைப்பார், சுழியோடுகிற பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர். காபனீரொட்சைட்டுக் குறைந்ததால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, அதோடு கிறிஸ்டியன் போர் 1904இல் விளக்கிய விளைவின்படி ஈமோகுளோபின் தன்னிடம் இருக்கும் ஒட்சிசனை இழையங்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. தலை சுற்றுவது மூளைக்கு ஒட்சிசன் குறைவாகப் போவதன் அடையாளம்.

ஒட்சிசன் குறைவது ஒரு தவிப்பும் இல்லாமல் ஆளை விழுத்தும் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும், மூச்சு முட்டினால் தெரியாதா என்று கேட்பார்கள். 1875 சித்திரை மாதத்தில் செனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8000 மீற்றருக்கு மேலே போனார்கள். கூடவே ஒட்சிசன் பைகளும் இருந்தன. காஸ்தோன் திசாந்தியே மட்டும் உயிரோடு திரும்பினார், மற்ற இருவரும் மேலேயே இறந்துவிட்டார்கள். பைக்குக் கை நீட்ட முடியாமல் போனதையும், அந்த நேரத்தில் வேதனை எதுவும் இல்லாமல் உள்ளே ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்பதையும் அவர் பின்னால் எழுதிவைத்தார். அங்கே அவர்கள் காபனீரொட்சைட்டைத் தடையில்லாமல் வெளியே விட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் தவிப்பு வரவில்லை. நம்முடைய பக்கங்களில் நீண்ட நாள் மூடிக் கிடந்த கிணற்றையோ குழியையோ துப்பரவு செய்ய இறங்கியவர் சத்தமில்லாமல் விழ, தூக்கப் போனவரும் விழுகிற துயரத்திலும் பலவேளை இதே சங்கதிதான், ஒட்சிசன் குறைந்த காற்றுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

கடலில் இதற்கு மேல் அமுக்கமும் சேர்கிறது, அது காரியத்தை இன்னும் மோசமாக்கும். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அமுக்கம் கூடும். மேலே 6 லீற்றராக இருந்த நுரையீரல் 10 மீற்றரில் 3 லீற்றர், 20 மீற்றரில் 2 லீற்றர். காற்று நெருக்கப்படுவதால் அதிலுள்ள ஒட்சிசனின் அமுக்கமும் கூடித்தான் இருக்கும், அதனால் கீழே நிற்கும் வரைக்கும் இரத்தத்துக்கு ஒட்சிசன் தாராளமாகக் கிடைப்பது போல இருக்கும். அதில் பெரும்பகுதியைச் செலவழித்து, 20 மீற்றர் ஆழத்தில் நுரையீரலின் ஒட்சிசன் அமுக்கம் 60 மி.மீ. இரசத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆள் தெளிவாகத்தான் இருப்பார். மேலே ஏற ஏற அமுக்கம் மூன்றில் ஒரு பங்காகும், வழியில் ஒன்றும் செலவாகாவிட்டால் கூட மேற்பரப்பில் அது 20. முப்பதுக்குக் கீழே போனாலே நினைவு தப்பும். அந்த நிலையில் நுரையீரல் இரத்தத்திலிருந்து ஒட்சிசனைத் திருப்பி வாங்கத் தொடங்கிவிடும். கடைசிப் பத்து மீற்றரில் அமுக்கம் சரிபாதியாகிறது, ஆகவே மயக்கம் பெரும்பாலும் அந்தக் கடைசி மீற்றர்களில், வெளிச்சம் தெரிய, வள்ளத்தின் அடி தெரிய, அல்லது தலை வெளியே வந்து ஒரு மூச்சு எடுத்த பிறகு கூட வரும். வள்ளத்தில் இருப்பவர் ஆள் வந்துவிட்டார் என்று மறுபக்கம் திரும்பிவிடுவார். இந்தப் பகுதியை மாமாவுக்குக் கட்டாயம் இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

மூச்சை அடக்கிச் சுழியோட உடம்பில் இயல்பாகவே சில ஏற்பாடுகள் இருக்கின்றன, மாமா அவற்றை நம்பலாம். முகம் தண்ணீரில் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்புக் குறையும், கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்கும், மண்ணீரல் சுருங்கித் தான் சேர்த்து வைத்திருக்கும் செங்கலங்களை வெளியே விடும். தென்கிழக்காசியாவில் தலைமுறை தலைமுறையாகச் சுழியோடி வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல், பக்கத்துத் தரைவாழ் மக்களின் மண்ணீரலை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது என்று 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. திருகோணமலைக் கடலுக்கு வருகிற எண்ணெய்த் திமிங்கிலம் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று கீழே போய்வருகிறது, அது கூட ஒட்சிசனை நுரையீரலில் கட்டிக்கொண்டு போவதில்லை. அதன் சேமிப்பு இரத்தத்திலும் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நிறைந்த கருஞ்சிவப்புத் தசையிலும் இருக்கிறது, ஆழத்தில் அதன் நுரையீரல் ஒடுங்கியே போய்விடும்.

மாமா புகைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவர் என்றால், சிகரெட் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற வேறொரு வாயு ஈமோகுளோபினை ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும், பல சிகரெட் குடிப்பவரின் ஈமோகுளோபினில் நூற்றுக்கு ஐந்து போல அப்படியே முடங்கிக் கிடக்கலாம். வேகமூச்சால் தேடுகிறதை விட அவர் இழந்துகொண்டிருப்பது கூட. முட்டு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சுழியோடவே கூடாது, சிலிண்டரோடு என்றால் இன்னும் கூடாது. சுருங்கிய சிறுகுழாய்களுக்குப் பின்னால் சிக்கிய காற்று மேலே வரும்போது விரிய இடமில்லாமல் சிற்றறையைக் கிழிக்கும்.

ஹோஸ் கேள்வி. இரண்டு காரணத்தால் முடியாது. இரண்டு மீற்றர் நீளமும் இரண்டரை சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஹோஸுக்குள் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் காற்று இருக்கும். நீங்கள் விடும் அரை லீற்றர் மூச்சு வெளியே போய்ச் சேராது, அதையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள், முன்னால் சொன்ன அந்த 150 மில்லிலீற்றரோடு இன்னும் ஆயிரம் சேர்ந்த மாதிரி. அகலத்தைக் குறைத்தால் காற்று இழுபடாது. இரண்டாவது காரணம் அமுக்கம், அது இன்னும் கடுமையானது. ஒரு மீற்றர் ஆழத்திலேயே தண்ணீர் உங்கள் நெஞ்சை 100 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்தோடு நெரிக்கும், ஆனால் ஹோஸ் வழியாக நுரையீரலுக்குள் இருப்பது மேற்பரப்பின் அமுக்கம். பலமான ஒரு ஆள் தன் முழுச் சக்தியையும் போட்டு இழுத்தால் அந்த அளவுக்குக் கிட்ட ஒரு தடவை இழுக்கலாம், நிமிடத்துக்குப் பதினைந்து தடவை முடியாது. இன்னும் கீழே போனால் நுரையீரலுக்குள் இரத்தமும் நீரும் கசியும். புறாமலைப் பக்கம் உல்லாசப் பயணிகள் வைத்துக்கொண்டு நீந்தும் குழாய் ஒரு சாண் இரண்டு சாண் நீளத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். சிலிண்டரில் இருந்து வரும் காற்று அந்தந்த ஆழத்தின் அமுக்கத்திலேயே வாய்க்கு வருவதால் இந்தச் சிக்கல் இல்லை, அதற்குப் பதில் வேறு ஆபத்து. கீழே அமுக்கப்பட்ட காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் 10 மீற்றரில் எடுத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காகும், சிற்றறை கிழியும், காற்றுக் குமிழி மூளை வரைக்கும் போகலாம். வெறும் மூச்சில் சுழியோடுகிற மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டே ஏறலாம், அவருடைய காற்று மேலேயே எடுத்தது. சிலிண்டர் கட்டியவர் ஒருபோதும் பிடிக்கக்கூடாது, ஊதிக்கொண்டேதான் ஏறவேண்டும். இரண்டு முறையிலும் பழகுகிற பெடியன்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

மாமாவுக்கு நான் சொல்லச் சொல்வது இவ்வளவுதான். இறங்கும் முன் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக, ஆறுதலாக மூச்சு விடட்டும், கடைசி ஒன்று இரண்டை மட்டும் ஆழமாக எடுத்துவிட்டுப் போகட்டும். தவிப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் திரும்பட்டும், அது உடம்பு சரியாக வேலை செய்வதன் அடையாளம். ஒரு தடவை கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுக்கவேண்டும். தனியாக இறங்கவே கூடாது, ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே, வெளியே வந்த ஆளை இன்னும் அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இடுப்பில் பாரம் கட்டுகிறவர் ஒரே இழுவையில் கழற்றக்கூடிய மாதிரிக் கட்டவேண்டும்.

மயங்கிய ஆளைத் தூக்கினால் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம், அதில் போகிற ஒவ்வொரு செக்கனும் மூளைக்கு நட்டம், வயிற்றிலிருந்து வருவது மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். மூச்சில்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து தடவை காற்றை ஊதவேண்டும், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்கவேண்டும். நீரில் மயங்கியவருக்குக் குறைந்திருப்பது ஒட்சிசன், அதனால் மூச்சுக் கொடுப்பதுதான் முதலாவது. நீங்கள் ஊதும் காற்றிலும் 16 சதவீதம் ஒட்சிசன் இருக்கிறது, அது போதும். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 தடவை வேகமாக அழுத்துவது, 2 மூச்சு, மறுபடி 30, நிறுத்தக்கூடாது. மற்றவர் அந்த நேரத்தில் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கரைக்கு வரச் சொல்லவேண்டும். ஆள் கண்விழித்து நன்றாகக் கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நுரையீரலுக்குள் போன உப்புத்தண்ணீர் சிற்றறைகளை நனைத்திருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.